ஏடேந்திய கையில் படைக்கலம்
லெம்பர்க் நகர மாணவர் போர்வீரரா?

போலந்தின் தலைநகரான வார்சாவில் பெயரறியாப் போர்வீரனின் கல்லறை ஒன்று இருக்கிறது. களத்தில் மாண்டு, பெயரும் ஊரும் தெரியாமற் போன வீரர் அனைவர்க்கும் அடையாளமாக ஒருவனைத் தேர்ந்து அடக்கம் செய்யும் வழக்கம், முதல் உலகப் போருக்குப் பின்னர்ப் பல நாடுகளில் தோன்றியது. போலந்தில் அது 1925ஆம் ஆண்டு நடந்தேறியது. எக்களத்திலிருந்து உடலை எடுப்பது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தனர். லுவூவ் நகரக் களத்தின் பெயர் வந்தது. அக்டோபர் இறுதியில் அந்நகர் இடுகாட்டில் மூன்று சவப்பெட்டிகள் தோண்டி எடுக்கப்பட்டன. போரிலே மகனை இழந்து, அவன் உடலையும் காணப்பெறாத தாய் ஒருத்தி அவற்றுள் ஒன்றைச் சுட்டிக் காட்டினாள். பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே கிடந்தவனிடம் பதவியைக் காட்டும் சின்னம் ஒன்றும் காணப்படவில்லை. உடன் இருந்த தொப்பியே, அவன் தானே விரும்பி வந்து சேர்ந்த தொண்டன் என்பதை உணர்த்திற்று. நவம்பர் 2ஆம் நாள், ஒரு நாட்டின் போர்வீரர் அனைவர்க்கும் உரிய மரியாதை அவனுக்குச் செய்யப்பட்டது.

அவன் மாணவனா, தொழிலாளியா என்பதை எவரும் அறியார். ஆனால் அந்த நகரத்தில் 1918 நவம்பரில் போலந்துத் தரப்பில் நின்று போரிட்டோராகப் பதிவாகியுள்ள 6,022 பேருள் 1,374 பேர் தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை பயின்ற மாணவர்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மாணவர் என்பது இதனாற் புலனாகும்.

இரு இனங்கள் ஒரே மண்ணுக்காக மோதும்போது, ஏட்டைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் மாணவன் யார்? அவன் போர்வீரனா, கலகக்காரனா, அன்றிப் பெரியோர் செய்த பிழைக்குப் பலியான பிள்ளையா? இது வெறும் பட்டத்தைப் பற்றிய கேள்வி அன்று. போர்வீரன் என்றால், பிடிபட்ட பின் அவனைக் கொல்லுதல் ஆகாது. கலகக்காரன் என்றால், சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டுவிடவும் கூடும். போர்வீரன் என்ற பெயரை ஏற்றவன், தன் படை செய்த தீங்குக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவன் ஆகிறான். உயிரும் பழியும் இப்பெயரோடு பின்னிக் கிடப்பதால், லெம்பர்க் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

ஒரு நகரம், மூன்று பெயர்

இந்நகரைப் போலந்தியர் லுவூவ் என்பர்; உக்ரேனியர் லிவீவ் என்பர். 1772ஆம் ஆண்டுப் போலந்து நாடு முதன்முறை கூறுபோடப்பட்டபோது இப்பகுதி ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. ஜெர்மன் மொழியாளர் இதனை லெம்பர்க் என்றனர். 1918 வரை அரசாங்க ஏடுகளில் வழங்கிய பெயர் அதுவே ஆதலின், இரு சாராரில் எவர் பக்கமும் சாயாதிருக்க இக்கட்டுரையிலும் அப்பெயரே பெரிதும் ஆளப்படுகிறது.

1910ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி லெம்பர்க்கில் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். பாதிப் பேர் உரோமன் கத்தோலிக்கர். அவருள் பெரும்பாலோர் போலந்தியர். நூற்றுக்கு 28 பேர் அளவில் யூதர். நூற்றுக்கு 19 பேர் அளவில் உக்ரேனியர். நகரைக் கடந்து வயல்வெளிக்குச் சென்றாலோ நிலைமை தலைகீழ். கிழக்குக் கலீசியாவின் நாட்டுப்புறத்தில் உக்ரேனிய உழவரே பெரும்பான்மையர். நிலவுடைமையாளர் பலர் போலந்தியர். ஆகவே, 'நகரம் எங்களுடையது' என்று ஒருவர் கூறவும், 'நகரைச் சூழ்ந்த நாடு எங்களுடையது' என்று மற்றொருவர் கூறவும் இடம் இருந்தது. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. தீராத பகை பெரும்பாலும் இத்தகைய இரு உண்மைகள் மோதும் இடத்திலேதான் பிறக்கிறது.

கல்விக்கூடத்தில் வெடித்த துப்பாக்கி

பகை முதலில் பற்றி எரிந்தது படைமுகாமில் அன்று, கல்விக்கூடத்தில். 1661ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அந்நகரப் பல்கலைக்கழகம், 1870களிலிருந்து பெரும்பாலும் போலந்து மொழியில் இயங்கத் தொடங்கியது. உக்ரேனிய மொழியிலும் சில துறைகள் நடந்தன. 1894இல் வரலாற்றறிஞர் மிக்கைலோ குருஷெவ்ஸ்கி அங்கே பேராசிரியராக அமர்ந்தார். ஆயினும் தமக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று உக்ரேனிய மாணவர் கேட்டனர். நகரின் போலந்துத் தன்மை கெடும் என்று மறுதரப்பு அஞ்சிற்று.

1908 ஏப்ரல் 12ஆம் நாள், இருபது வயதான உக்ரேனிய மாணவன் மிரோஸ்லாவ் சிச்சின்ஸ்கி, கலீசிய ஆளுநர் அந்திரேய் பொத்தோஸ்கியைச் சுட்டுக் கொன்றான். அவனுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைப் பேரரசர் இருபது ஆண்டுச் சிறையாகக் குறைத்தார். 1911இல் அவன் சிறையிலிருந்து தப்பினான். 1910 சூலை 1ஆம் நாள் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள்ளேயே போலந்து மாணவரும் உக்ரேனிய மாணவரும் மோதினர். துப்பாக்கிகள் வெடித்தன. ஆதாம் கோத்ஸ்கோ என்னும் உக்ரேனிய மாணவன் உயிரிழந்தான். மறு ஆண்டு 101 உக்ரேனிய மாணவர் குற்றக் கூண்டில் ஏற்றப்பட்டனர்.

1908இல் துப்பாக்கி எடுத்த மாணவனுக்கு ஆஸ்திரியச் சட்டம் வைத்த பெயர் கொலையாளி. 1910இல் துப்பாக்கி எடுத்தவர்களுக்கு வைத்த பெயர் கலகக்காரர். எட்டே ஆண்டுகளுக்குப் பின்னர், அதே நகரத் தெருக்களில் அவர்தம் தம்பியர் துப்பாக்கி எடுத்தபோது மக்கள் அவர்களைப் போர்வீரர் என்றனர். கையும் அதுவே, கருவியும் அதுவே. மாறியது எது என்பதே ஆராய்ச்சிக்குரியது.

1918 நவம்பர்

முதல் உலகப் போரின் இறுதியில் ஆஸ்திரியப் பேரரசு சிதறத் தொடங்கியது. 1918 அக்டோபரில் உக்ரேனியர் லெம்பர்க்கில் தேசிய மன்றம் ஒன்றை நிறுவினர். போலந்தியரோ, புதிதாய்ப் பிறக்கும் தம் நாட்டோடு நகரை இணைக்க ஆயத்தமாயினர். உக்ரேனியர் முந்திக்கொண்டனர். அக்டோபர் 31ஆம் நாள் இரவு, ஆஸ்திரியப் படையில் இருந்த உக்ரேனிய வீரர்கள் திமித்ரோ வித்தோவ்ஸ்கி என்னும் தலைவரின் கீழ் நகரின் முக்கிய கட்டடங்களைக் கைப்பற்றினர். அவர் எண்ணிக்கை ஆயிரத்துச் சில நூறே. விடிந்தபோது நகர மன்றத்தின் உச்சியில் நீலமும் மஞ்சளுமான கொடி பறந்தது. ஆஸ்திரிய ஆளுநர் காவலில் வைக்கப்பட்டார்.

வித்தோவ்ஸ்கியும் ஒரு காலத்தில் அந்நகரில் சட்டம் பயின்ற மாணவரே. மாணவர் இயக்கத்தில் வளர்ந்து, 1914இல் தொடங்கப்பட்ட உக்ரேனியச் சீச் படையணியில் அலுவலரானவர். அப்படையணியின் தொடக்க காலத்தில் மாணவரும் படித்த இளைஞரும் பெருந்தொகையினர். எனவே, மாணவர் ஆயுதம் ஏந்தியது ஒரு தரப்பில் மட்டும் நடந்ததன்று.

போலந்துத் தரப்பின் எதிர்ப்பு இரண்டு இடங்களில் முளைத்தது. ஒன்று சென்கியேவிச் பெயரால் அமைந்த பள்ளிக்கூடம். மற்றொன்று தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் தங்கிய விடுதி. பள்ளியும் விடுதியுமே கோட்டைகள் ஆயின. முதல் நாளில் ஆளும் குறைவு, துப்பாக்கியும் குறைவு. சிறிது சிறிதாக ஆயுதக் கிடங்குகளைப் பிடித்து வலுப்பெற்றனர். செஸ்லாவ் மொன்சின்ஸ்கி என்னும் படைத்தலைவர் எல்லாக் குழுக்களுக்கும் பொதுத் தலைவராக ஏற்கப்பட்டார். அஞ்சலகம், சட்டமன்றக் கட்டடம், கோட்டை மேடு, பூங்காக்கள் என்று தெருத் தெருவாகப் போர் நடந்தது. இடையிடையே இரு தரப்பும் பேசிப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. நவம்பர் 20ஆம் நாள் பிஷெமிசில் நகரிலிருந்து போலந்துத் துணைப்படை வந்து சேர்ந்தது. 21ஆம் நாள் இரவு உக்ரேனியர் நகரை விட்டு வெளியேறினர்.

நகரைச் சுற்றிய போர் அத்துடன் ஓயவில்லை; 1919 சூலையில் உக்ரேனியப் படை இசுபுருச் ஆற்றுக்கு அப்பால் தள்ளப்படும் வரை நீடித்தது. போலந்தின் ஆட்சியுரிமையை நேசநாடுகள் 1923 மார்ச்சு மாதத்திலேதான் முறைப்படி ஏற்றன.

போரிட்ட சிறுவருள் இருவர் பெயர் போலந்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. யூரெக் பித்சான் நவம்பர் 21ஆம் நாள், போரின் கடைசிப் பகலில், இடுகாட்டு மதிலருகே சுடப்பட்டு மாண்டான். அவனுக்குப் பதினான்கு வயது நிறைய எட்டு நாள் இருந்தது. அவன் தாய் அலெக்சாந்திரா சகூர்ஸ்கா மகளிர் தொண்டர் படையின் தலைவி. அந்தோனி பெத்ரிகியேவிச் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், காயமுற்று 1919 சனவரி 14ஆம் நாள் இறந்தான். போலந்தின் மிக உயர்ந்த போர் விருதாகிய விர்த்தூதி மிலிதாரியைப் பெற்றோருள் அவனே வயதில் இளையவன். இச்சிறுவர்களை மக்கள் 'கழுகுக் குஞ்சுகள்' என்று அழைத்தனர். கழுகு போலந்தின் அரசுச் சின்னம்.

சட்டம் கூறுவது

போர்வீரன் யார் என்பதற்கு இக்காலச் சட்டம் இலக்கணம் வகுத்த வரலாறும் ஒரு மாணவனோடு தொடர்புடையது. பிரான்சிஸ் லீபர் என்னும் ஜெர்மானியர் 1815இல், பள்ளிப் பருவத்திலேயே, நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்யப் படையில் சேர்ந்து காயமுற்றவர். பின்னர்க் கிரேக்க விடுதலைப் போருக்கும் தொண்டராய்ச் சென்றவர். அமெரிக்காவில் குடியேறிப் பேராசிரியரான அவர், அந்நாட்டு உள்நாட்டுப் போரின்போது 1863இல் படைகளுக்கான விதித்தொகுப்பை எழுதினார். கிளர்ச்சி செய்தோரைப் போர்வீரராகக் கருதி நடத்துவது மனிதத்தன்மை கருதியே. அதனால் அவர்தம் அரசாங்கத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருளாகாது என்று அத்தொகுப்பு தெளிவாக்கிற்று. 'போர்வீரன்' என்னும் பெயர் நட்பினருக்குத் தரும் பரிசன்று, எதிரிக்குத் தரவேண்டிய காப்பு என்னும் கருத்து இங்கே வேர் கொண்டது.

1899, 1907 ஆகிய ஆண்டுகளில் ஹேக் நகரில் கூடிய நாடுகள் இதனை விரித்தன. முறையான படையில் இல்லாத தொண்டர்களும் போர்வீரர் உரிமை பெறலாம். ஆனால் நான்கு தகுதிகள் வேண்டும். பொறுப்பேற்கும் தலைவன் ஒருவன் இருக்கவேண்டும். தொலைவிலிருந்து அறியத்தக்க நிலையான அடையாளம் இருக்கவேண்டும். படைக்கலத்தை வெளிப்படையாகத் தாங்கவேண்டும். போர் அறத்தைப் பேணவேண்டும். வெட்சியும் வஞ்சியும் தும்பையும் சூடி, இன்ன போர் செய்கிறோம் என்று அறிவித்துப் பொருத மரபைப் படித்தவர்க்கு, அடையாளம் வேண்டும் என்னும் விதி புதிதாகத் தோன்றாது. எதிரி வருவதைக் கண்டு, படை திரட்ட நேரமின்றி ஊர் மக்களே எழுந்து போரிட்டால், ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்குதலும் போர் அறம் பேணுதலுமே போதும் என்றும் ஹேக் விதிகள் கூறின.

லெம்பர்க் மாணவரை இவ்வளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். அவர்கட்குத் தலைவர் இருந்தார். சீருடை இல்லாதார் பலர் வெள்ளையும் சிவப்புமான துணிப்பட்டையை அணிந்தனர். உக்ரேனியர் ஆஸ்திரியச் சீருடையின்மேல் நீல மஞ்சள் நாடா கட்டினர். துப்பாக்கியை ஒளித்து வைக்கவில்லை. முதல் மூன்று தகுதிகளும் பெரும்பாலும் அமைந்திருந்தன எனலாம். நான்காவதைப் பின்னர் நோக்குதல் தகும்.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. ஹேக் விதிகள் உடன்படிக்கையிற் கையெழுத்திட்ட அரசுகளுக்கு இடையே மட்டும் செல்லுபடியாவன. நவம்பர் 1ஆம் நாள் உக்ரேனிய அரசை எந்நாடும் ஒப்பவில்லை. போலந்து விடுதலை நாளாகக் கொண்டாடும் நவம்பர் 11 இன்னும் வரவில்லை. ஆஸ்திரியப் பேரரசர் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகியதும் அதே 11ஆம் நாளே. ஆகவே எழுத்தின்படி பார்த்தால், சீருடை அணிந்து நகரைப் பிடித்த உக்ரேனியர் தம் பேரரசருக்கு எதிராக எழுந்த படையினர். அவரை எதிர்த்த போலந்து மாணவர் அரசற்ற குடிமக்கள். இரு தரப்பிலும் போர்வீரர் எவரும் இல்லை என்ற விந்தையான முடிவே கிட்டும்.

உண்மையில் நடந்தது வேறு. இரு தரப்புத் தலைவர்களும் கூடிப் பேசினர், போர்நிறுத்தம் செய்தனர். அரசாக ஒப்பாவிடினும் எதிரியாக ஒப்பினர். சட்டம் தராத பெயரை நடைமுறை தந்தது. ஓர் ஊரிலே சேர்ந்து வளர்ந்து, ஒரே பள்ளியிற் படித்தவர் பலர் எதிரெதிரே நின்றதும் இதற்குத் துணை செய்திருக்கக்கூடும்.

பெயர் மறுக்கப்பட்டபோது

அப்பெயர் மறுக்கப்பட்டால் நேர்வது என்ன என்பதற்கு அதே ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த குரூத்திப் போர் சான்று. 1918 சனவரி இறுதியில், மூரவியோவ் தலைமையில் போல்ஷிவிக் படை கீவ் நகரை நோக்கி வந்தது. அதன் தொகை ஏறத்தாழ 4,000. அதனைக் குரூத்தி என்னும் இரயில் நிலையத்தருகே தடுக்க, உக்ரேனிய அரசு அனுப்பியவர் சில நூறு பேரே. படைப்பள்ளி மாணவரும், கீவ் பல்கலைக்கழக மாணவரும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுமே அவருட் பெரும்பாலோர். நாள் முழுதும் பொருது, இருட்டியபின் பின்வாங்கினர். மாணவர் குழு ஒன்று வழி தவறி எதிரியிடம் சிக்கியது. பிடிபட்டோருள் ஏறத்தாழ 27 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மார்ச்சு மாதம் உக்ரேனியர் கீவ் நகரை மீட்ட பின்னர், 19ஆம் நாள் அவ்வுடல்கள் அஸ்கோல்டு கல்லறை மேட்டில் அடக்கம் செய்யப்பட்டன. லெம்பர்க் பல்கலைக்கழகத்தில் முன்பு வரலாறு கற்பித்த குருஷெவ்ஸ்கியே, அப்போது உக்ரேனிய நடுமன்றத்தின் தலைவராக அங்கே உரையாற்றினார்.

போரில் இறப்பது வேறு. போர் முடிந்து ஆயுதத்தைக் கீழே வைத்தபின் இறப்பது வேறு. குரூத்தி மாணவர் அரசு ஒன்றின் ஆணைப்படி, தலைவன் கீழ், வெளிப்படையாகப் போரிட்டவர். அவரைப் போர்வீரராகக் கருதியிருந்தால் போர்க்கைதிகளாகப் பிழைத்திருப்பர். பெயர் என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதை அந்த 27 கல்லறைகளும் உணர்த்துகின்றன.

பட்டமும் பழியும்

இனி நான்காம் தகுதிக்கு வரலாம். உக்ரேனியர் வெளியேறிய 1918 நவம்பர் 22ஆம் நாள் தொடங்கி மூன்று நாள், லெம்பர்க்கின் யூதர் பகுதி சூறையாடப்பட்டது. கடைகள் உடைக்கப்பட்டன, வீடுகளும் தொழுகை இல்லமும் எரிந்தன. போலந்து வீரரும் பொதுமக்களும் இதில் கலந்திருந்தனர். மறு ஆண்டு ஆராய வந்த அமெரிக்கரான மார்கெந்தாவ் தலைமையிலான குழு, 64 யூதர் கொல்லப்பட்டதாக அறிவித்தது. பிறர் மதிப்பீடுகள் இதனினும் மிகுதி.

போரின்போது யூதர் நடுநிலை அறிவித்துத் தம் தெருக்களைக் காக்கக் காவற்படை ஒன்றை அமைத்திருந்தனர். இளைஞரும் மாணவரும் அதில் இருந்தனர். 22ஆம் நாள் போலந்துப் படை அவர்தம் ஆயுதங்களைப் பறித்தது. யூதர் சன்னல்களிலிருந்து போலந்தியரைச் சுட்டனர் என்பதே சூறையாடியோர் சொன்ன காரணம். சீருடை இல்லாதார் வீட்டுக்கு வீடு நின்று சுடும் போரில் இவ்வகை ஐயம் எழுவது எளிது. ஐயம் பழியாகித் தீங்கற்றவர் தலையில் விடிவதும் எளிது. அடையாளம் அணிக என்று சட்டம் வற்புறுத்துவது போரிடுவோர்க்காக மட்டும் அன்று; போரிடாதார் உயிருக்காகவுமே.

மாணவர் அனைவர்க்கும் இப்பழியில் பங்குண்டு எனக் கூறுதல் நேர்மையாகாது. ஆனால் படை என்னும் பெயரின் புகழை முழுமையும் ஏற்று, அப்படை புரிந்த கொடுமையை மட்டும் 'அது யாரோ செய்தது' என ஒதுக்குதலும் நேர்மையாகாது. போர்வீரன் என்னும் பட்டமும் பொறுப்பும் ஒரே நாணயத்தின் எடை போலப் பிரிக்க இயலாதவை. 1920இல் நகரம் முழுமைக்கும் விர்த்தூதி மிலிதாரி விருது வழங்கப்பட்டது. அவ்விருதின் நிழலில் அம்மூன்று நாட்களும் நெடுங்காலம் மறைந்து கிடந்தன.

அந்நாட்களை நேரிற் கண்ட சட்டக்கல்லூரி மாணவருள் ஒருவர் ஹெர்ஷ் லௌத்தர்பாக்ட் என்னும் யூத இளைஞர். 1919இல் நகரை நீங்கிய அவர், பின்னர்க் கேம்பிரிட்ஜில் சர்வதேசச் சட்டப் பேராசிரியரானார். 1945இல் நூரம்பெர்க் நீதிமன்றச் சாசனத்தில் 'மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள்' என்னும் தலைப்பு இடம்பெற்றதில் அவர் பங்கு பெரிது. 1921இல் அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்த ரபேல் லெம்கின், இன அழிப்பைக் குறிக்கும் புதிய சொல்லை 1944இல் உலகிற்கு அளித்தார். துப்பாக்கி ஏந்திய மாணவரை நாடு கொண்டாடியது. ஏட்டோடு நின்ற இவ்விரு மாணவரால் உலகம் பெற்ற பயன் அதனினும் நெடியது.

பட்டத்தால் விளைந்த மற்றொரு தீங்கும் குறிக்கத்தக்கது. 1919இல் லெம்பர்க் பல்கலைக்கழகம், போலந்துக் குடியுரிமை உடையவராய்ப் போலந்துப் படையிற் பணியாற்றியவரையே மாணவராகச் சேர்க்கலாயிற்று. எதிர்த்தரப்பில் போரிட்ட உக்ரேனிய மாணவன் தன் ஊர்ப் பல்கலைக்கழக வாயிலில் தடுக்கப்பட்டான். ஒருவனுக்கு நுழைவுச்சீட்டாகிய அதே போர்ப்பணி மற்றொருவனுக்குத் தடையாயிற்று. உக்ரேனியர் 1921 முதல் 1925 வரை மறைவாக ஒரு பல்கலைக்கழகம் நடத்தினர். தனியார் வீடுகளிலும் சங்கங்களின் அறைகளிலும் காவலருக்குத் தெரியாமல் வகுப்புகள் நடந்தன. வாயில் அடைபட்ட இளைஞருள் சிலர் இரகசியப் படைக் குழுக்களை நாடினர். 1910இல் பல்கலைக்கழக மண்டபத்தில் எழுந்த கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அது அடுத்த தலைமுறையின் தோளில் ஏறியது.

வயது என்னும் வரம்பு

ஹேக் விதிகளில் வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனும் நான்கு தகுதிகளும் உடையவனானால் வீரனே. பெற்ற மகனைக் களத்துக்கு அனுப்பும் மறக்குடித் தாயரை மூதின்முல்லை என்னும் துறையில் போற்றிப் பாடியது தமிழ் மரபு. போலந்து மக்களும் சகூர்ஸ்காவை அவ்வாறே போற்றினர். பழைய உலகம் அத்தாயின் உறுதியைக் கண்டது. புதிய உலகம் அச்சிறுவனின் வயதைக் காணத் தொடங்கியது.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு, ஒரு நாட்டுக்குள்ளே நடக்கும் போரிலும் ஆயுதத்தைக் கீழே வைத்தவரை மனிதத்தன்மையுடன் நடத்துமாறு கட்டளையிட்டது. குரூத்தியில் நடந்தது இனி எங்கும் சட்டத்துக்குப் புறம்பு. ஆயினும் உள்நாட்டுப் போரில் போர்க்கைதி என்னும் முழு உரிமை இன்றளவும் இல்லை. ஆயுதம் ஏந்திய குற்றத்துக்காக அரசு தன் குடிமகனை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். போர் ஓய்ந்தபின் இயன்ற அளவு பரந்த பொதுமன்னிப்பு வழங்க முயலுமாறு 1977ஆம் ஆண்டின் இரண்டாம் துணை உடன்படிக்கை கூறுகிறது, அவ்வளவே.

அதே 1977இல்தான் பதினைந்து வயது நிரம்பாதாரைப் படையிற் சேர்த்தல் ஆகாது என்னும் விதி எழுந்தது. 1998ஆம் ஆண்டு ரோம் சாசனம் அதனைப் போர்க்குற்றம் ஆக்கியது. 2000ஆம் ஆண்டின் குழந்தை உரிமைத் துணை உடன்படிக்கை, நேரடிப் போருக்கு உரிய வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. இவ்விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. குற்றம் சிறுவன்மேல் சுமத்தப்படவில்லை. அவனைச் சேர்த்தவன்மேல் சுமத்தப்படுகிறது. தானே ஓடி வந்தான், அழுது மன்றாடினான் என்பது சேர்த்தவனுக்கு விடுதலை தாராது. பித்சானும் பெத்ரிகியேவிச்சும் இன்று வாழ்ந்திருந்தால், விருதுக்கு முன்னர், அவர் கையில் துப்பாக்கி கொடுத்தவர் யார் என்ற வினாவே எழுந்திருக்கும்.

முடிபு

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். தலைவன் கீழ் நின்று, அடையாளம் அணிந்து, வெளிப்படையாகப் போரிட்டு, போர் அறம் பேணும் வயது வந்த மாணவன், எந்த இனத்தவனாயினும் போர்வீரனே. அவனை அவ்வாறு ஒப்புக்கொள்ளும் கடமை அவன் இனத்தாருக்கு அன்று, அவனைப் பிடித்த எதிரிக்கே முதலில் உரியது. 1908இல் ஆளுநரின் அறையிற் சுட்ட சிச்சின்ஸ்கிக்கு இத்தகுதிகள் இல்லை. 1918இல் தெருவில் நின்றவர்க்குப் பெரும்பாலும் இருந்தன. மாறியது இதுவே.

இரண்டாவதாக, அப்பெயரை ஏற்றவன் அதன் கணக்கையும் ஏற்கவேண்டும். பெருமையை நினைவுச் சின்னத்தில் பொறித்துவிட்டுப் பழியை மறத்தல் வரலாறாகாது. மூன்றாவதாக, பருவம் நிரம்பாத பிள்ளைக்குப் போர்வீரனுக்குரிய காப்பு எல்லாம் உண்டு. போர்வீரனுக்குரிய சுமை இல்லை. அச்சுமை அவனை அனுப்பிய பெரியோரைச் சேரும்.

லெம்பர்க்கின் லிச்சகோவ் இடுகாட்டை ஒட்டிக் கழுகுக் குஞ்சுகளின் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. அதற்கு வரைபடம் தீட்டிய ருடோல்ப் இந்துருக், அப்போரில் தாமே பங்குகொண்ட கட்டடக்கலை மாணவர். 1971இல் சோவியத் ஆட்சி அத்தோட்டத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1989 முதல் மெல்ல மெல்லச் செப்பனிடப்பட்டு, 2005 சூன் 24ஆம் நாள், போலந்து அதிபரும் உக்ரேன் அதிபரும் சேர்ந்து நின்று அதனைத் திறந்து வைத்தனர். அதன் அருகிலேயே அப்போரில் எதிர்நின்று மாண்ட உக்ரேனியப் படையினரின் நினைவிடமும் எழுந்துள்ளது. ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படிக்க மறுக்கப்பட்டவர்கள் அங்கே அடுத்தடுத்து உறங்குகின்றனர். இரண்டு அரசுகள் அவ்விருவரையும் வீரர் என்று ஒப்புக்கொள்ள எண்பத்தேழு ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1910இல் உக்ரேனிய மாணவர் கேட்டது ஒரு பல்கலைக்கழகம். அது அன்றே கிடைத்திருந்தால் பகை முற்றும் தீர்ந்திருக்கும் என்று கூற இயலாது. ஆனால் கல்லறைகளைவிட வகுப்பறைகள் எளிதிற் கட்டக்கூடியவை என்பதில் ஐயமில்லை.